ரிப்போர்ட்டில் ‘ஸ்கிளீரோசிஸ்’ என்று இருக்கிறதே, டாக்டர்?

போன இதழில் மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் பற்றி நாலு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த நோயைப் பற்றியதே இல்லை. காதில், கிட்னியில், எலும்பில், வயிற்றுக்குள், பிறக்காத குழந்தையின் இதயத்தில் என்று ஆளுக்கோர் இடத்தில் ‘ஸ்கிளீரோசிஸ்’ வைத்திருக்கிறார்கள். சில கேள்விகளுக்குரிய நோயை ஒரு டாக்டர் தன் வாழ்நாளில் ஒரு தடவை பார்த்தாலே அதிகம். இந்த முறை பக்கம் முழுவதும் அவர்களுக்கே.

என் அம்மாவுக்குக் காதில் ஓட்டோஸ்கிளீரோசிஸ். சித்தி மகளுக்கு இப்போது மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் என்கிறார்கள். எனக்கு 29 வயது. எங்கள் குடும்பத்தில் இந்த வியாதி ஓடுகிறதா? அடுத்தது நானா?
(பெயர் வேண்டாம் என்ற வாசகி)

முதலில் பயத்தை இறக்கி வையுங்கள். இந்த இரண்டு நோய்க்கும் பெயரில்தான் உறவு.

‘ஸ்கிளீரோஸ்’ என்றால் கிரேக்க மொழியில் கெட்டியானது என்று பொருள். ஸ்கேன் என்ற ஒன்றே இல்லாத காலத்தில், இறந்தவரின் உடலைத் திறந்து விரலால் அழுத்திப் பார்ப்பார்கள். மெத்தென்று இருக்க வேண்டிய இடம் கெட்டியாக இருந்தால் ‘ஸ்கிளீரோசிஸ்’ என்று எழுதி வைத்துவிடுவார்கள். ஏன் கெட்டியானது என்பது பெரும்பாலும் அவர்களுக்கே தெரியாது. காரணங்கள் பின்னால் ஒவ்வொன்றாகத் தெரிய வந்தன, பெயர் மட்டும் மாறவில்லை. என்னைக் கேட்டால் மருத்துவத்தில் இவ்வளவு பேரைத் தேவையில்லாமல் கலங்கடித்த சொல் வேறொன்று கிடையாது.

மல்டிபிள் ஸ்கிளீரோசிஸையே எடுத்துக்கொள்ளுங்கள். பாரிஸில் சால்பெத்ரியே மருத்துவமனையில் சார்கோ என்ற டாக்டர் 1868-ல் அதைத் தெளிவாக விவரித்தார். அவரிடம் படித்த சிக்மண்ட் ஃபிராய்டு, 1893-ல் சார்கோ இறந்தபோது எழுதிய இரங்கல் குறிப்பில் ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். கை நடுக்கம் காரணமாக எங்கும் வேலை கிடைக்காத ஒரு பெண்ணை சார்கோ தன் வீட்டு வேலைக்கு வைத்துக்கொண்டாராம். அந்தப் பெண் உடைத்த தட்டுகளுக்கும் கோப்பைகளுக்குமே ஏகப்பட்ட செலவு. ஆனாலும் அனுப்பவில்லை. அந்தப் பெண் இறந்த பிறகு பரிசோதித்தபோதுதான், அந்த நடுக்கத்துக்குக் காரணம் மூளையிலும் தண்டுவடத்திலும் இருந்த கெட்டியான திட்டுகள் என்று உறுதியானது. நரம்பின் மேலுறையை உடலின் எதிர்ப்பு சக்தியே அரித்து, அரித்த இடத்தில் விழுந்த தழும்புகள் அவை.

உங்கள் அம்மாவின் காதில் நடப்பது முற்றிலும் வேறு. நடுக்காதில் அங்கவடி என்ற எலும்பு, உடம்பிலேயே சின்னது, மூன்று மில்லிமீட்டர் உயரம்தான் இருக்கும். ஒலி வரும்போதெல்லாம் அது அசைய வேண்டும். அதன் அடித்தட்டைச் சுற்றிப் புதிதாக எலும்பு வளர்ந்து பிடித்துக்கொண்டால் அசையாது, காது மந்தமாகும். இதற்கு நல்ல வைத்தியமும் இருக்கிறது. அமெரிக்காவில் ஜான் ஷே 1956-ல் அந்த எலும்பை எடுத்துவிட்டு டெஃப்ளானில் செய்த மாற்று அங்கவடியை வைத்தார், இன்றைக்குச் செய்யும் ஆபரேஷன்கள் அந்த வழியில் வந்தவைதான்.

சித்தி மகளுக்கு இருப்பதால் உங்களுக்குக் கூடும் ஆபத்து மிகச் சொற்பம். காது விஷயத்தில்தான் கொஞ்சம் கவனம் வேண்டும், ஏனென்றால் அது பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வரக்கூடியது. ஒரு விசித்திரமான அடையாளம் உண்டு: இந்தக் கோளாறு உள்ள சிலருக்கு அமைதியான அறையைவிட, சத்தம் நிறைந்த இடத்தில் பேச்சு நன்றாகக் கேட்கும். சத்தத்தில் எதிராளி குரலை உயர்த்திப் பேசுவார், பின்னணிச் சத்தமோ இவர் காதுக்கு எட்டாது. அப்படித் தோன்றினால் காது கேட்கும் அளவைப் பார்க்கும் ஆடியோகிராம் ஒன்று எடுத்துப் பாருங்கள்.

ஏழாம் மாத ஸ்கேனில் குழந்தையின் இதயத்தில் மூன்று கட்டிகள் என்றார்கள். ‘டியூபரஸ் ஸ்கிளீரோசிஸ்’ ஆக இருக்கலாமாம். இப்போது குழந்தை பிறந்து ஐந்து வாரம். நன்றாகப் பால் குடிக்கிறான். இதயத்துக்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம்? ஆபரேஷன் தேவைப்படுமா?
(ஓர் அப்பா)

கடிதத்தின் கையெழுத்திலேயே தூக்கம் இல்லாதது தெரிகிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இதயத்தில் இருப்பவை தசைக் கட்டிகள், புற்றுநோய் கிடையாது. இவற்றின் குணமே விசித்திரம், பிறக்கும்போது பெரிதாக இருக்கும், அப்புறம் முதல் சில வருடங்களில் பெரும்பாலும் தானாகவே சுருங்கிவிடும். ரத்த ஓட்டத்தை அடைத்தாலோ, இதயத்துடிப்பு தாறுமாறாகப் போனாலோ மட்டும்தான் கை வைக்க வேண்டி வரும். நன்றாகப் பால் குடிக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்களே, அது நல்ல செய்தி.

ஒன்றுக்கு மேற்பட்ட கட்டி இருந்ததால்தான் உங்கள் டாக்டர் அந்தப் பெயரைச் சொன்னார். நம் செல்களில் வளர்ச்சிக்கு பிரேக் போடும் இரண்டு மரபணுக்கள் உண்டு, டி.எஸ்.சி.1, டி.எஸ்.சி.2 என்று. இரண்டில் ஒன்று பழுதானால், எந்த உறுப்பில் பிரேக் விடுகிறதோ அங்கே கட்டி வளரும். இதயம், மூளை, கிட்னி, தோல், கண், நுரையீரல் எல்லாவற்றையும் ஒரே கோளாறு தொடுவது அப்படித்தான். 1880-ல் பூர்னவீல் என்ற பிரெஞ்சு டாக்டர், வலிப்பு வந்து இறந்துபோன ஒரு சிறுமியின் மூளையில் அங்கங்கே கிழங்கு போல முண்டும் கெட்டியுமாக இருந்ததைப் பார்த்து இந்தப் பெயரை வைத்தார். ஏறத்தாழ ஆறாயிரம் பிறப்புக்கு ஒன்று என்பது கணக்கு.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. குழந்தையை நல்ல வெளிச்சத்தில் உடை இல்லாமல் படுக்க வைத்து, முதுகு, வயிறு, தொடை எல்லாம் பாருங்கள். சுற்றுத் தோலைவிட வெளிறிய திட்டு, ஒரு முனை கூர்ந்து இலை மாதிரி இருக்கும். சிவந்த பிஞ்சுத் தோலில் சாதாரண வெளிச்சத்தில் தெரியாமலும் போகலாம், தோல் டாக்டர் அறையை இருட்டாக்கி ஊதா விளக்கைக் காட்டினால் பளிச்சென்று எழுந்து நிற்கும். ஐந்து மில்லிமீட்டருக்குக் குறையாத திட்டு மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. மரபணுப் பரிசோதனையும் இருக்கிறது.

எல்லாவற்றையும்விட முக்கியம் வலிப்பு. வலிப்பு என்றதும் கை கால் வெட்டி இழுப்பதை எதிர்பார்க்காதீர்கள். சில மாதக் குழந்தைகளுக்கு வருவது வேறு மாதிரி: தூங்கி எழுந்ததும் தலை முன்னே குனிந்து, இரண்டு கையும் விரிந்து, உடம்பு ஒரு கணம் மடங்கும். சில விநாடி கழித்து மறுபடி அதே. இப்படிப் பத்து இருபது வரிசையாக வரும். வயிற்று வலி, திடுக்கிடுகிறான் என்றெல்லாம் நினைத்து மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள், அந்த மாதங்கள் மூளை வளர்ச்சிக்கு விலைமதிப்பில்லாதவை. சந்தேகம் வந்தால் மொபைலில் வீடியோ எடுத்துக்கொண்டு அன்றைக்கே குழந்தை நரம்பியல் டாக்டரிடம் போங்கள். வலிப்பு வருவதற்கு முன்பே மூளையின் மின்அலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. எடுத்துக் கண்காணிப்பதும் இப்போது வழக்கம். இந்த வகைக்கு விகாபாட்ரின் என்ற மருந்து நன்றாகக் கேட்கிறது, ஓரப் பார்வையைப் பாதிக்கக்கூடும் என்பதால் கண்ணையும் பார்த்துக்கொண்டே கொடுப்பார்கள்.

ஒரு சுவாரஸ்யமான உபகதை. பழுதான பிரேக்குக்குப் பதிலாக வெளியிலிருந்து பிரேக் போடும் மருந்துகள் இருக்கின்றன, எவரோலிமஸ் போல. மூளை, கிட்னிக் கட்டிகளை அவை சுருக்குகின்றன. அவற்றின் மூதாதையான ராபமைசின், 1964-ல் ஈஸ்டர் தீவிலிருந்து எடுத்துவந்த மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரிடமிருந்து கிடைத்தது. தீவின் உள்ளூர்ப் பெயர் ராபா நூயி, அதனால் அந்தப் பெயர்.

கடைசியாக, நீங்கள் கேட்காமல் விட்ட கேள்வி. மூன்றில் இரண்டு பங்கு குழந்தைகளுக்கு இது பெற்றோரிடமிருந்து வருவதில்லை, புதிதாக நேரும் மரபணு மாற்றம். உங்கள் மீதோ மனைவி மீதோ பழி போட இதில் எதுவும் இல்லை. ஆனாலும் இருவரும் உங்கள் தோலை ஒரு முறை காட்டிவிடுங்கள், லேசான வடிவத்தில் இருந்து தெரியாமலே வாழ்பவர்களும் உண்டு.

முழங்கால் எக்ஸ்ரேயில் ‘சப்காண்ட்ரல் ஸ்கிளீரோசிஸ்’ என்று இருக்கிறது. நரம்பு வியாதியா?
(58 வயது வாசகர்)

இல்லை. மூட்டின் குருத்தெலும்பு தேய்ந்து, அடியில் உள்ள எலும்பு பாரம் தாங்கித் தாங்கிக் கெட்டியாகியிருக்கிறது. மூட்டுத் தேய்மானம், அவ்வளவுதான். நடையை விடாதீர்கள், எடை இருந்தால் குறையுங்கள், அந்தச் சொல்லை இணையத்தில் தேடாதீர்கள்.

என் கணவர் எட்டு வருடம் வயிற்றுவழி டயாலிசிஸ் செய்தார். நாலு மாதம் முன்பு ரத்த டயாலிசிஸுக்கு மாற்றினோம். அதன் பிறகு ரெண்டு வாய் சாப்பிட்டாலே வயிறு உப்பி வாந்தி வருகிறது. எடை ஒன்பது கிலோ குறைந்துவிட்டது. கேஸ் என்று மாத்திரை கொடுக்கிறார்கள். சரிதானா?
(ஒரு மனைவி)

சரி இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது. உங்கள் கிட்னி டாக்டரிடம் போய் ‘என்கேப்சுலேட்டிங் பெரிடோனியல் ஸ்கிளீரோசிஸ்’ இருக்குமா என்று நேரடியாகக் கேளுங்கள். பெயர் வாயில் நுழையவில்லையா, இந்தப் பக்கத்தையே நீட்டுங்கள்.

குடலைச் சுற்றி வயிற்றுக்குள் ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. வயிற்றுவழி டயாலிசிஸில் அந்தச் சவ்வைத்தான் வடிகட்டியாகப் பயன்படுத்துகிறோம். வருடக்கணக்கில் தினமும் குளுக்கோஸ் கலந்த திரவம் பட்டுப் பட்டு, நடுவில் தொற்றுகளும் வந்து போனால், அந்தச் சவ்வு தடிக்கும். அபூர்வமாகச் சிலருக்கு அது தடிப்பதோடு நிற்காமல் குடலை ஒரு பை மாதிரி மூடி இறுக்கிவிடும். பட்டுப்புழு கூட்டுக்குள் கிடப்பதைப் போலக் குடல் உள்ளே மடங்கிக் கிடக்கும், உணவைத் தள்ள முடியாது. ஐந்து வருடத்துக்கு மேல் போனவர்களுக்கு ஆபத்து ஏறிக்கொண்டே போகும். இதில் ஒரு வஞ்சகம் இருக்கிறது, உங்கள் கணவருக்கு நடந்த மாதிரி, வயிற்று டயாலிசிஸை நிறுத்திய பிறகுதான் பலருக்கு இது தலைகாட்டும். திரவம் போய் வந்துகொண்டிருந்தவரை ஒட்டாமல் இருந்த பரப்புகள், அது நின்றதும் ஒட்ட ஆரம்பிக்கின்றன. டயாலிசிஸ் மாறிவிட்டதே என்று யாரும் பழைய வயிற்றை நினைப்பதில்லை.

டயாலிசிஸே செய்யாதவர்களுக்கும் இது வந்திருக்கிறது. 1970-களில் பிராக்டோலால் என்ற ரத்த அழுத்த மருந்து சாப்பிட்டவர்கள் சிலருக்கு இதே போலக் குடல் சிக்கியது, கண், தோல் பாதிப்புகளும் சேர்ந்துகொள்ள, மருந்தையே சந்தையிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று. 1978-ல் சிங்கப்பூரில் வளரிளம் பெண்கள் சிலரிடம் காரணமே தெரியாமல் இதைக் கண்டு ‘வயிற்றுக் கூடு’ என்று பெயர் வைத்தார்கள்.

சி.டி. ஸ்கேனில் தடித்த சவ்வு, அதில் சுண்ணாம்புப் படிவு, நடுவில் கொத்தாகச் சேர்ந்த குடல் தெரியும். வைத்தியத்தில் முதல் இடம் ஊட்டத்துக்கு, தேவைப்பட்டால் ரத்தக்குழாய் வழியாகவே. ஸ்டீராய்டு, டமாக்சிஃபென் கொடுத்துப் பார்ப்பார்கள். அடைப்பு விடவில்லை என்றால் அந்த உறையைக் கொஞ்சம் கொஞ்சமாக உரித்துக் குடலை விடுவிக்கும் ஆபரேஷன், மணிக்கணக்கில் ஆகும். குடலில் ஓட்டை விழுந்தால் பெரிய ஆபத்து, அதனால் இதைச் செய்து பழகியவர் கைக்குத்தான் போக வேண்டும், அவசரத்தில் யாரோ ஒருவர் வயிற்றைத் திறந்துவிடக் கூடாது. இதைப் படித்துவிட்டு வயிற்று டயாலிசிஸில் இருக்கும் மற்றவர்கள் பயந்து நிறுத்திவிடாதீர்கள், செய்பவர்களில் மிகச் சிலருக்குத்தான் இது வருகிறது.

தம்பிக்கு எஃப்.எஸ்.ஜி.எஸ். என்ற கிட்னி நோய், இரண்டும் பழுது. நான் கொடுக்கத் தயார். ஆனால் மாற்றிய கிட்னியிலும் அது திரும்ப வரும் என்கிறார்களே? கொடுத்தும் வீணா?
(ஓர் அக்கா)

திரும்ப வரலாம் என்பது உண்மை. காரணம் தெரியாத வகையில் மூன்றில் ஒருவருக்கு என்ற அளவில் வருகிறது, சிலருக்கு ஆபரேஷன் முடிந்த சில மணி நேரத்திலேயே சிறுநீரில் புரதம் கொட்ட ஆரம்பிக்கும். கிட்னியில் தலா பத்து லட்சம் வாக்கில் வடிகட்டிகள் உண்டு. அவற்றில் சிலவற்றில், அதிலும் ஒரு பகுதியில் மட்டும் தழும்பு விழுவதைத்தான் அந்த நாலு எழுத்து சொல்கிறது.

இதில் ஒரு சம்பவம் எனக்கு மறக்கவே மறக்காது. சிகாகோவில் ஓர் இளைஞருக்கு அவருடைய சகோதரி கிட்னி கொடுத்தார். உடனே நோய் திரும்பியது, எந்த வைத்தியத்துக்கும் கட்டுப்படவில்லை. இரண்டு வாரத்தில் அந்தக் கிட்னியை எடுக்க வேண்டிய நிலை. சாதாரணமாக அது குப்பைக்குத்தான் போகும். டாக்டர்கள் வேறு மாதிரி யோசித்தார்கள்: கோளாறு கிட்னியில் இல்லை, இளைஞரின் ரத்தத்தில் ஏதோ இருக்கிறது என்றால், வேறு உடம்பில் இது பிழைக்க வேண்டுமே? சகோதரி, சகோதரர் இருவரின் சம்மதத்தோடு, சர்க்கரை நோயால் கிட்னி இழந்த, அறுபதைத் தாண்டிய ஒருவருக்கு அதை வைத்தார்கள். கிட்னி வேலை செய்தது. புரதக் கசிவு மளமளவென்று குறைந்தது, விழுந்திருந்த சேதமும் சரியாகத் தொடங்கியது. 2012-ல் இது மருத்துவ இதழில் வெளிவந்தபோது படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

உங்களுக்கு வருவோம். கேட்க வேண்டிய கேள்வி, தம்பிக்கு வந்தது எந்த வகை? மரபணுப் பிழையால் வந்திருந்தால் மாற்றுக் கிட்னியில் பெரும்பாலும் திரும்புவதில்லை, ஆனால் அதே பிழை உங்களுக்கும் இருக்கக்கூடும், அப்போது நீங்கள் கொடுப்பது உங்களுக்கே ஆபத்து. அதனால் மரபணுப் பரிசோதனை முடியாமல் தேதி குறிக்காதீர்கள். மற்ற வகை என்றால் முதல் நாளிலிருந்து சிறுநீர்ப் புரதத்தைப் பார்த்துக்கொண்டு, கசிந்தால் உடனே ரத்தப் பிளாஸ்மாவை மாற்றும் வைத்தியத்தைத் தொடங்கலாம். பலருக்கு அது கேட்கிறது.

குளிர்ந்த நீரில் கை வைத்தால் விரல்கள் வெள்ளையாகி, நீலமாகி, அப்புறம் சிவக்கின்றன. கல்யாண மோதிரம் கழற்ற வரவில்லை. வாயை அகலத் திறக்க முடியவில்லை. சிஸ்டமிக் ஸ்கிளீரோசிஸ் என்றார்கள். முழங்கை வரை தோல் வேகமாக இறுகுகிறது. தெரிந்தவர் சொல்லி பிரட்னிசோலோன் 30 மி.கி. சாப்பிடுகிறேன். நான்கு நாளாகத் தலைவலி.
(41 வயது வாசகி)

இவருக்குத் தனியாகவும் பதில் அனுப்பிவிட்டேன், இதழ் அச்சாகி வரும்வரை காத்திருக்கிற விஷயமில்லை இது. இதே நிலையில் வேறு யாராவது இருந்தால் அவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

இன்றைக்கே ரத்த அழுத்தம் பாருங்கள். வழக்கமான அளவைவிட மேல் எண் 20, 30 கூடியிருந்தாலே ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தில் கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் பார்க்க வேண்டும். சிஸ்டமிக் ஸ்கிளீரோசிஸ் என்பது தோலும் உள்ளுறுப்புகளும் இறுகும் நோய், இதில் கிட்னியின் சிறு ரத்தக்குழாய்கள் திடீரென்று இறுகி, சில நாளில் கிட்னி செயலிழக்கும் ஒரு நெருக்கடி உண்டு. தோல் வேகமாக இறுகும் ஆரம்ப வருடங்களில் அது அதிகம், நீங்கள் சாப்பிடும் பிரட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு நாளுக்கு 15 மில்லிகிராமைத் தாண்டினால் இன்னும் அதிகம். அதற்காகத் திடீரென்று ஸ்டீராய்டை நிறுத்திவிடவும் கூடாது, டாக்டர் சொல்கிறபடிதான் இறக்க வேண்டும். ஒரு காலத்தில் இந்த நெருக்கடி வந்தால் பிழைப்பதே அபூர்வம். காப்டோபிரில் வகை மருந்துகள் 1970-களின் கடைசியில் வந்தபின் நிலைமை மாறியது, நேரத்தோடு பிடித்துவிட்டால்.

தோலைப் பார்த்துக்கொண்டே நுரையீரலை மறந்துவிடுகிறார்கள். மார்பு சி.டி.யும் மூச்சுத் திறன் சோதனையும் ஆரம்பத்திலேயே எடுக்க வேண்டும். நெஞ்செரிச்சலும் இந்த நோயின் வேலைதான், உணவுக்குழாயின் தசை சோர்ந்துபோவதால் வருவது. ஓவியர் பால் க்ளேக்கு இந்த நோய் இருந்திருக்கும் என்று பின்னாளில் டாக்டர்கள் கணித்திருக்கிறார்கள். 1935-ல் உடம்பு கெட ஆரம்பித்து 1940-ல் இறந்தார். அதற்கு முந்தைய ஒரே வருடத்தில், 1939-ல், 1,200-க்கு மேற்பட்ட படைப்புகள்.

மோதிரத்தை இந்த வாரமே கடையில் வெட்டி எடுத்துவிடுங்கள். விரல் வீங்கினால் ரத்த ஓட்டம் நின்றுவிடும்.

எலும்பு தேயும் வயதில் எலும்பு கெட்டியாவது நல்லதுதானே? ‘ஸ்கிளீரோ’ என்றாலே ஏன் பயப்படுகிறோம்?
(கல்லூரி மாணவர்)

நல்ல குறும்பு. கேட்டதும் ஸ்கிளீரோஸ்டியோசிஸ் ஞாபகம் வந்தது. உலகத்தில் மிகச் சிலருக்கே உள்ளது, பெரும்பாலும் தென்னாப்பிரிக்காவின் ஆஃப்ரிக்கானர் குடும்பங்களில். விழுந்தாலும் எலும்பு முறியாது. ஆனால் வளர்வதும் நிற்காது. தாடை பெருக்கும், மண்டையோடு தடிக்கும், நரம்புகள் வெளியே வரும் துவாரங்கள் குறுகி முகம் கோணும், காது கேட்காமல் போகும். மூளைக்கு இடமில்லாமல் உள்ளே அழுத்தம் ஏறித் திடீர் மரணமும் உண்டு, அதைத் தவிர்க்க மண்டையோட்டைத் திறந்து இடம் பண்ணிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

இவர்களிடம் இல்லாதது ஸ்கிளீரோஸ்டின் என்ற ஒரு புரதம், எலும்பு வளர்ச்சிக்கு ‘போதும்’ என்று சொல்கிற புரதம். 2001-ல் அதன் மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். உடனே வேறு ஒரு யோசனை பிறந்தது: எலும்பு தேய்ந்தவர்களுக்கு இந்தப் புரதத்தைக் கொஞ்ச காலம் அடக்கி வைத்தால்? அதுதான் ரோமோசோசுமாப், 2019-ல் அனுமதி கிடைத்தது. மாதம் ஒரு முறை, ஒரு வருடத்துக்கு ஊசி. மாரடைப்போ பக்கவாதமோ சமீபத்தில் வந்தவர்களுக்குக் கொடுப்பதில்லை.

கெட்டி என்றால் உறுதி என்றும் நினைத்துவிடாதே தம்பி. ஆஸ்டியோபெட்ரோசிஸ் என்று இன்னொரு நோய், பழைய எலும்பை அரித்து அகற்றும் செல்கள் வேலை செய்யாததால் வருவது. எக்ஸ்ரேயில் எலும்பு வெள்ளை வெளேரென்று கெட்டியாகத் தெரியும், ஆனால் சாக்பீஸ் போல உடையும்.

என் பாட்டிக்கு 80 வயது. போன மாதத்திலிருந்து கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்கிறார். ‘நியூக்ளியர் ஸ்கிளீரோசிஸ்’ என்கிறார் கண் டாக்டர். அதிசயமா, ஆபத்தா?
(பேத்தி)

ஆபத்து இல்லை, அதிசயமும் கொஞ்ச நாளைக்குத்தான். கண் லென்ஸின் நடுப்பகுதி வயதாக ஆக இறுகி அடர்த்தியாகிறது. அடர்த்தி கூடினால் ஒளியை அதிகமாக வளைக்கும், கிட்டத்துப் பார்வை தெளிவாகும், எட்டத்தில் இருப்பவர் முகம் மங்கும். இதுவே மெல்லக் கண்புரையாக முற்றும். அப்போது ஆபரேஷன் செய்துகொள்ளலாம். அதுவரை பாட்டி ஆசை தீரப் படிக்கட்டும், படி இறங்கும்போது மட்டும் யாராவது கூட இருங்கள். எட்டப் பார்வைக்குக் கண்ணாடியின் பவரை மாற்ற வேண்டியிருக்கும், “எனக்குத்தான் கண் நன்றாகத் தெரிகிறதே” என்று ஒத்துக்கொள்ள மாட்டார், பார்த்துச் சொல்லுங்கள்.